டான்யூபுக்கு எந்தக் கயாக்? மலையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கான ஒப்பீடு

டான்யூப் நதியில் ஜெர்மனியின் உல்ம் நகரத்தில் படகை இறக்கினால் கருங்கடலுக்கு ஏறத்தாழ 2,590 கிலோமீட்டர். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாகியா, ஹங்கேரி, குரோஷியா, செர்பியா, ருமேனியா, பல்கேரியா, மால்டோவா, உக்ரைன் என்று பத்து நாடுகளைத் தொட்டு ஓடும் ஆறு. வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேடு என நான்கு தலைநகரங்கள் அதன் கரையில் இருக்கின்றன. நீலகிரியிலோ கொடைக்கானல் மேட்டிலோ வீட்டை வைத்துக்கொண்டு இந்தப் பயணத்துக்குத் திட்டமிடுகிறவர் எடுக்க வேண்டிய பெரிய முடிவு ஒன்றுதான்: எந்தப் படகு?

கயாக் என்ற இந்தத் துடுப்புப் படகில் மூன்று வகை உண்டு. பாலிஎத்திலீனிலோ ஃபைபர் கிளாஸிலோ வார்த்த கெட்டிக் கயாக். சட்டகத்தைக் கோத்து மேலே உறை போர்த்தும் மடிப்புக் கயாக். பம்பு வைத்துக் காற்றடைக்கும் ரப்பர் கயாக். காரின் கூரையில் படகை ஏற்றி நேராக ஆற்றங்கரைக்கு ஓட்டிப்போகிற ஐரோப்பியருக்கு, தண்ணீரில் எது வேகம், எது ஆடாமல் நிற்கும் என்று பார்த்தால் போதும். நமக்குப் போதாது. நம் படகு பரணில் கிடக்க வேண்டும், கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும், விமானத்தில் ஏற வேண்டும், அணைக்கு அணை கரையேறி இறங்க வேண்டும், கடைசியில் சாலையே இல்லாத ஊரிலிருந்து திரும்பி வர வேண்டும். தண்ணீருக்கு வெளியே அது படப்போகும் பாட்டை முதலில் எடைபோடுங்கள். தண்ணீரில் அது காட்டும் திறமை அதற்குப் பிறகு.

வேகம் எங்கே உதவும், எங்கே உதவாது

சுமை ஏற்றிய படகில், நாள் முழுவதும் சோராமல் துடுப்புப் போடும் அளவில், அசையாத தண்ணீரில் 5 மீட்டர் கெட்டிக் கயாக் மணிக்கு 6 கி.மீ. போகும். மடிப்புக் கயாக் 5 முதல் 5.5. காற்றடைக்கும் கயாக் 4 முதல் 4.5. தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆனால் ஆறும் கூடவே ஓடுகிறது. வியன்னாவுக்கும் பிராட்டிஸ்லாவாவுக்கும் இடையே நீரோட்டம் மட்டுமே மணிக்கு 7 கி.மீ.க்கு மேல். ஹங்கேரியில் 4, 5. பல்கேரியாப் பக்கம் 3, 4. ஐந்து கி.மீ. ஓட்டத்தில் கெட்டிப் படகு 11 போனால் காற்றுப் படகு 9 போகும். ஆறு மணி நேரத்தில் 12 கி.மீ. பின்தங்கும், அவ்வளவுதான்.

இதை விசாவோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 180 நாளில் அதிகபட்சம் 90 நாள். குரோஷியா 2023 ஜனவரியில் ஷெங்கனுக்குள் வந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் தரை எல்லைகளையும் சேர்த்து முழுமையாக உள்ளே. அதற்கு முன் எழுதப்பட்ட பயணக் குறிப்புகளில் "ருமேனியாவில் எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கிக்கொள்ளலாம், கணக்கில் சேராது" என்று இருக்கும். அதை நம்பித் திட்டம் போட்டால் கழிமுகத்தில் போய் மாட்டிக்கொள்வீர்கள். இன்று இந்த வழியில் ஷெங்கனுக்கு வெளியே நீங்கள் கூடாரம் போடக்கூடிய நாடு செர்பியாதான். பெஸ்டானுக்கு அருகில் தொடங்கி டிமோக் ஆறு வந்து சேரும் இடம்வரை ஏறத்தாழ 580 கி.மீ. தூரத்துக்கு ஒரு கரையாவது செர்பியாவின் கையில் இருக்கிறது. அந்தக் கரையிலேயே தங்கினால் அந்த நாட்கள் 90இல் சேராது. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருப்பவரைச் செர்பியா தனி விசா இல்லாமல் அனுமதிக்கிறது. ஆனால் திரும்ப உள்ளே வர வேண்டியிருப்பதால் விசா மல்டிபிள் என்ட்ரியாக இருந்தே தீர வேண்டும். ஹங்கேரியின் மோஹாச் துறையில் இறங்கி, வெளியேறும் பதிவை முடித்துக்கொண்டு போங்கள். அதைத் தவறவிட்டால் செர்பியாவில் கழித்த நாட்களுக்கு உங்களிடம் சாட்சி இருக்காது.

மீதி 2,000 கி.மீ. தொண்ணூறில் போக வர 5 நாள், மழைக்கும் காற்றுக்கும் ஓய்வுக்கும் 12 நாள் கழித்தால் 73. ஒரு நாளைக்கு 28 கி.மீ.க்கும் குறைவு. மூன்று வகைப் படகும் அதை எட்டும். ஆகவே வேகத்தை வைத்து எந்தப் படகையும் ஒதுக்க வேண்டியதில்லை.

வேகம் உண்மையிலேயே உதவும் இடம் தேங்கிய தண்ணீர். ஜெர்மனி எல்லையில் உள்ள யோகென்ஸ்டைனிலிருந்து வியன்னாவின் ஃபிராய்டெனாவ் வரை பத்து மின்நிலைய அணைகள். ஒவ்வொன்றுக்கும் மேலே தண்ணீர் ஏரியாக நிற்கும். அதைவிடப் பெரிய சோதனை செர்பியா, ருமேனியா எல்லையில் உள்ள இரும்பு வாயில் அணை. 1972இல் முடிந்த அந்த அணை தேக்கும் நீர் பெல்கிரேடையும் தாண்டி எட்டுகிறது. பெல்கிரேடிலிருந்து அணைவரை 227 கி.மீ.யில் ஓட்டம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிக் கயாக்குக்கு 38 மணி நேரம். காற்றடைத்ததற்கு 53. எதிர்க்காற்று வந்தால் இந்த இடைவெளி இரட்டிப்பாகும். காற்றுப் படகு தண்ணீரில் ஆழமாக உட்காராமல் மேலே மிதப்பதால், காற்று அதைப் பாயைப் போலப் பிடித்துத் தள்ளும். கோலுபாட்ஸ் கோட்டைப் பக்கம் ஆறு 6 கி.மீ. அகலம் விரியும், பிறகு காஸான் இடுக்கில் 150 மீட்டராகச் சுருங்கும். கோஷாவா என்ற தென்கிழக்குக் காற்று இந்த இடுக்கின் வழியே நேராக முகத்தில் அடிக்கும். அது பெரும்பாலும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வீசுவது. ஆகஸ்ட் முடிவதற்குள் இந்தப் பகுதியைக் கடந்துவிடும்படி தேதியை அமைத்துக்கொண்டால், காற்றுப் படகுக்கு இருக்கும் பெரிய குறை பாதியாகக் குறைந்துவிடும்.

கெட்டிக் கயாக்

தண்ணீரில் இதுதான் ராஜா. நேராகப் போகும், கல்லில் உரசினாலும் கீறலோடு தப்பும், முன்னும் பின்னும் அடைத்த அறைகளில் 150 லிட்டருக்கு மேல் சாமான் நனையாமல் இருக்கும். பாலிஎத்திலீன் என்றால் 25 முதல் 30 கிலோ, ஃபைபர் கிளாஸ் என்றால் சற்றுக் குறைவு. பழுது பார்ப்பதும் எளிது. ஃபைபரில் வெடிப்பு விழுந்தால் கண்ணாடி நாரும் ரெசினும் போதும், அவசரத்துக்கு அகலமான துணி டேப்பே ஒரு வாரம் தாங்கும். அடிக்கடி போவது சுக்கானை இழுக்கும் கம்பி. இரண்டு மீட்டர் உபரிக் கம்பியும் நான்கு கவ்விகளும் கையில் இருக்கட்டும்.

சிக்கல், அதை இங்கிருந்து கொண்டுபோக முடியாது என்பது. ஐந்து மீட்டர் நீளப் பொருளை விமான நிறுவனங்கள் சாமானாக ஏற்பதில்லை. ஜெர்மனியில் பழையதாக வாங்க வேண்டும், அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும். பழையது வாங்குவது நடக்கக்கூடியதே. டான்யூப் கரையின் ஊர்களில் கயாக் கிளப்புகள் நிறைய, விற்கிறவர்களும் நிறைய. ஆனால் விற்பவர் வீடு ஆற்றங்கரையில் இருக்காது. ரயிலில் படகு ஏறாது. கூரைக் கம்பி போட்ட வாடகைக் கார், ஓட்டுநர் உரிமம், ஒரு வாரம் முன்னதாகவே போய்த் தங்கும் செலவு என்று ஒன்றன் மேல் ஒன்றாக வரும். அந்த ஒரு வாரமும் 90 நாளில்தான் கழியும்.

முடிவில் இன்னொரு சிக்கல். ஆறு கடலைத் தொடும் ருமேனிய ஊர்களான சூலினாவுக்கும் ஸ்ஃபுந்து கெயோர்கேவுக்கும் சாலை கிடையாது. துல்ச்சாவுக்குத் திரும்பப் பயணிகள் கப்பல்தான். அங்கே ஐந்து மீட்டர்ப் படகை வாங்க ஆள் காத்திருப்பார் என்று நினைத்துப் பணக் கணக்குப் போடாதீர்கள். படகை விட்டுவிட்டு வரத் தயாராக இருப்பவருக்கு மட்டுமே இது பொருந்தும்.

மூன்று வாரம்தான் விடுமுறை என்பவருக்கு வேறு கதை. ஜெர்மனியின் பாசௌவிலிருந்து புடாபெஸ்ட் வரை ஏறத்தாழ 580 கி.மீ. அணைகளையும் பார்க்கலாம், வேகமான ஓட்டத்தையும் பார்க்கலாம். அதற்கு வாடகைக் கெட்டிக் கயாக்கைவிடச் சிறந்தது இல்லை. வாங்கவே வேண்டாம்.

மடிப்புக் கயாக்

டான்யூபில் பிறந்து வளர்ந்த படகு என்றே இதைச் சொல்லலாம். ஆல்ஃபிரட் ஹாய்ரிக் 1905இல் வடிவமைத்ததை 1907 முதல் ரோஸன்ஹைம் ஊரில் யோஹான் கிளெப்பர் செய்து விற்கத் தொடங்கினார். ரயிலில் எடுத்துப்போகலாம் என்பதற்காகவே உண்டானது. 1932இல் ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் உல்மில் இப்படி ஒரு படகை இறக்கி, டான்யூபில் தொடங்கி, வார்தார் ஆறு வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போய், இந்தியா, இலங்கைக் கரையோரமாகக் கடந்து, 1939இல் ஆஸ்திரேலியாவை அடைந்தார். நம் கடல் அந்த வகைப் படகை ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

ஆஷ் மரத்திலோ அலுமினியக் குழாயிலோ செய்த சட்டகம். அடியில் ஹைப்பலான் ரப்பர், மேலே கனமான பருத்தித் துணி. பக்கவாட்டில் இரண்டு காற்றுக் குழாய்கள் உறையை விறைப்பாக இழுத்துப் பிடிக்கும். ஒருவர் படகு 20 முதல் 26 கிலோ. இருவர் படகு 30 கிலோவுக்கு மேல். இருவர் படகில் தனியாகப் போகிறவர்கள் உண்டு. இடம் தாராளம், ஆடாது. ஆனால் அணையில் இழுக்கும்போது அதன் எடை தெரியும்.

எங்கே உடையும்? முதலில் விலா எலும்புகள். சுமையோடு இருக்கும் படகை இருவர் முனைகளைப் பிடித்துத் தூக்கினால் நடுவில் வளைந்து, ஒரு விலாவோ அடிக்கட்டையோ முறியும். சாமானை இறக்கிவிட்டுத் தூக்குங்கள். முடியாவிட்டால் நடுவில் பட்டை கொடுத்துத் தூக்குங்கள். உபரியாக ஓர் அலுமினியக் குழாய்த் துண்டு, 30 செ.மீ. நீளம், உங்கள் சட்டக் குச்சி உள்ளே நுழையும் அகலத்தில் வைத்திருந்தால் முறிந்த இடத்தில் செருகி, டேப் சுற்றி, மாதக்கணக்கில் ஓட்டலாம். அடுத்தது உறை. சிமெண்டுச் சரிவில் ஒருமுறை இழுத்தாலே மூலைகளில் ரப்பர் தேயும். கிளம்பும் முன்பே அடிப்பகுதியின் நடுக்கோட்டிலும் இரண்டு முனைகளிலும் கூடுதல் ரப்பர்ப் பட்டை ஒட்டிவிடுங்கள். ஒட்டும் இடத்தை மணல்தாளால் சொரசொரப்பாக்கி, இரு பக்கமும் பசை தடவி, தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு அழுத்த வேண்டும். ஈரமான பரப்பில் ஒட்டுவதும், பசை காயும் முன்பே சேர்ப்பதும்தான் ஒட்டு பிய்வதற்குக் காரணம். ஊட்டியில் ஜூலை மாதம் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றின் ஈரம் பசையைக் கெடுக்கும்.

அலுமினியச் சட்டகம் வைத்திருப்பவருக்கு ஒரு சொல்: மணல் குழாய் இணைப்புக்குள் போய் இறுகிவிட்டால் பயணத்தின் முடிவில் பிரிக்கவே முடியாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்து, கழுவி, துடைத்து, மறுபடி கோத்துவிடுங்கள். பழகிய கைக்கு 40 நிமிடம். முதல்முறை கோக்கிறவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

மூன்றிலும் விலை அதிகம் இதற்குத்தான். ஆனால் நன்றாகப் பேணினால் பல பத்தாண்டுகள் உழைக்கும், உறையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வாழ்நாளில் ஐந்தாறு நதிகள் என்று மனதில் வைத்திருப்பவர் தயங்காமல் இதற்குப் போகலாம்.

காற்றடைக்கும் கயாக்

கடற்கரையில் குழந்தைகளை உட்காரவைக்கும் பொம்மைப் படகை நினைத்துக்கொண்டு இதை ஒதுக்குகிறவர்கள் அதிகம். நாங்கள் சொல்வது நைட்ரிலான் போன்ற ரப்பர் பூசிய துணியில் செய்த, 0.25 பார் அழுத்தம் தாங்கும், நாலரை மீட்டர் நீளப் படகை. செக் நாட்டின் கூமோடெக்ஸ் செய்யும் சீவேவ் இந்த வகைக்கு நல்ல உதாரணம்: 4.5 மீட்டர், 78 செ.மீ. அகலம், 17 கிலோ. பம்பு, நான்கு துண்டாகும் துடுப்பு எல்லாம் சேர்த்து 21 கிலோ. ஒரே பை. பதினைந்து நிமிடத்தில் தயார்.

இதை வாங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு, அடியில் மாட்டும் ஸ்கெக் தகட்டைச் சின்ன விஷயம் என்று நினைப்பது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கு திரும்பும், நாளின் உழைப்பில் பாதி நேராக்குவதிலேயே போகும். ஆழம் குறைந்த இடத்தில் தட்டி உடைவதும் அதுவே. இரண்டு உபரி எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறு வெப்பம். காலை 20 டிகிரியில் 0.25 பார் அடைத்த படகை மதியம் கரையில் வெயிலில் விட்டுச் சாப்பிடப் போனால், ரப்பர் 45 டிகிரியைத் தொடும்போது உள்ளே 0.36 பார் ஆகிவிடும். தண்ணீரில் இருக்கும்வரை ஆறே குளிர்விக்கும். கரைக்கு இழுத்தவுடன் ஒவ்வொரு அறையிலும் சிறிது காற்றை இறக்கிவிடுவது பழக்கமாக வேண்டும். செர்பியாவிலும் பல்கேரியாவிலும் ஆகஸ்ட் வெயிலில் இதை மறந்தவர்களுக்குப் படகுத் தரையின் உட்தடுப்பு கிழிந்து, படகு நடுவில் பலூன்போல் உப்பும். அதை ஆற்றங்கரையில் வைத்துச் சரிசெய்ய வழியே இல்லை. குழாயில் விழும் ஓட்டையையோ அரைமணி நேரத்தில் ஒட்டிவிடலாம். பசை பிடிக்க ஓர் இரவு கொடுத்தால் நல்லது.

மலையில் பயிற்சி எடுக்கிறவர்களுக்கு இதே கணக்கு இன்னொரு வடிவில் வரும். மேட்டுப்பாளையத்தில் 0.25 பார் அடைத்த படகைக் காற்றை இறக்காமல் ஜீப்பின் மேல் கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறினால் என்ன ஆகும்? ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்தைவிட அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் 0.2 பார் குறைவு. உள்ளே இருக்கும் காற்று அப்படியே இருக்கிறது, வெளியே தாங்கிப் பிடித்தது தளர்ந்துவிட்டது. ரப்பர் வெயிலில் சூடாகவே இருந்தால் அளவுமானி 0.45 காட்டும். படகு வெடிக்க இதைவிட வேறு காரணம் வேண்டாம். மறுதலையாக, ஊட்டியின் குளிரில் அளவாக அடைத்துக் கீழே கொண்டுபோனால் பாதிகூட மிஞ்சாது, தொளதொளவென்று கிடக்கும். ஏறும் முன் முழுவதும் இறக்கிவிடுங்கள், சேர்ந்த இடத்தில் அடையுங்கள். மடிப்புக் கயாக்கின் பக்கக் குழாய்களுக்கும் இது பொருந்தும், பலரும் அவற்றை மறந்துவிடுகிறார்கள்.

சாமான் வைக்க மூடிய அறை கிடையாது. எல்லாம் நீர்புகாப் பைகளில் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். 40 லிட்டர்ப் பை இரண்டு, 20 லிட்டர் இரண்டு, 10 லிட்டர் ஒன்று. கனமானதை நடுவில், அடியில். மேலே குவித்தால் காற்றுக்கு இன்னொரு சுவர் கட்டிக்கொடுத்தது போல.

அணைகளில் நடப்பது

உல்முக்கும் வியன்னாவுக்கும் இடையே அணைக்கு அணை கரையேற வேண்டும். சில இடங்களில் சிறு படகுக்கென்று தனி லாக், அதாவது நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் தொட்டி, இருக்கும், நீங்களே கம்பியை இழுத்து இயக்கலாம். சில இடங்களில் தண்டவாளத்தில் ஓடும் இழுவண்டி. பெரிய கப்பல்களுக்கான லாக்கில் போன் செய்து கேட்டால் கப்பலோடு சேர்த்து விடுவார்கள், காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் உங்கள் சொந்தச் சக்கரவண்டிதான் கதி.

படகு 25 கிலோ, கூடாரம் முதல் அடுப்புவரை 25, தண்ணீர் 8, ஐந்து நாள் சாப்பாடு 5 என்று 63 கிலோ. அதை அரை கிலோமீட்டரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் இழுக்க வேண்டும். மலிவான வண்டியின் அச்சு மூன்றாவது அணையில் வளையும். 80 கிலோவுக்கு மேல் தாங்குவதாக, சக்கர விட்டம் 25 செ.மீ.க்குக் குறையாததாக வாங்குங்கள். சின்னச் சக்கரம் சரளைக்கல்லில் புதையும். வண்டியைச் சுமையின் நடுவுக்கு நேர் கீழே கட்டினால் கைக்குப் பாரம் குறையும். காற்றுப் படகு வண்டிமேல் நடுவில் தொய்யும், அதனால் சுமையை இரு முனைக்கும் தள்ளாமல் சக்கரத்துக்கு மேலேயே வையுங்கள்.

இந்த இடத்தில் மூன்றும் சமமே. வேறுபாடு வருவது வண்டிப்பாதை இல்லாத போது. இரும்பு வாயிலின் பெரிய லாக்குகளில் தனிக் கயாக்கை ஏற்காத நாள் வரலாம். அப்போது மடித்த படகைச் சாதாரண டாக்ஸியின் பின்னால் போட்டுக்கொண்டு அணையைச் சுற்றிப்போகலாம். ஐந்து மீட்டர்ப் படகோடு நிற்பவர் லாரி தேட வேண்டும்.

கழிமுகத்திலும் அப்படியே. ருமேனியாவின் கலாட்ஸுக்குக் கீழே இடது கரை சிறிது தூரம் மால்டோவா, பிறகு உக்ரைன். ரெனி, இஸ்மாயில் துறைமுகங்கள் 2023 முதல் ட்ரோன் தாக்குதலுக்கு ஆளாகி வருகின்றன. அந்தப் பகுதியில் துடுப்புப் போடுவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. கலாட்ஸுக்கு முன்பே வரும் பிரெய்லாவில் கரையேறி, படகை மடித்து, 2023இல் திறந்த தொங்கு பாலம் வழியாக வண்டியில் துல்ச்சாவுக்குப் போய், அங்கிருந்து ஸ்ஃபுந்து கெயோர்கே கிளையில் இறங்கிக் கடலைத் தொடுவதுதான் சரியான வழி. சூலினா கிளை நேராக வெட்டிய கப்பல் பாதை, அலை அதிகம், அழகும் குறைவு. கழிமுக உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் நுழையத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். மடிக்கிற படகு இல்லாதவருக்கு இந்தத் தாண்டல் பெரும்பாடு.

ஓட்டத்தில் ஒவ்வொன்றும் எப்படி

வியன்னாவுக்குக் கீழும் ஹங்கேரியிலும் கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிய கல் தடுப்புகள், நம் மீனவர் தூண்டில் வளைவு என்கிறார்களே, அவை வரிசையாக வரும். தண்ணீர் குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும், நிறைய இருந்தால் மேலே கடந்துவிடலாம். நடுத்தர நீர்மட்டத்தில் ஒரு சாண் ஆழத்தில் மறைந்திருப்பதுதான் ஆபத்து. காற்றுப் படகு மோதிக் குதித்துத் தப்பும், கெட்டிப் படகு கீறும், மடிப்புப் படகின் அடிக்கட்டை முறியும். கீழ்நோக்கிப் போகும்போது கப்பல் பாதையின் வலது எல்லையில் சிவப்பு மிதவை, இடது எல்லையில் பச்சை. மிதவைக் கோட்டுக்குச் சற்றே வெளியே போய்க்கொண்டிருந்தால் கப்பலிடமிருந்தும் கல்லிடமிருந்தும் ஒரே நேரத்தில் விலகி இருக்கலாம். தள்ளுகப்பல்கள் முன்னால் பார்ஜ் என்ற தட்டைச் சரக்குப் படகுகள் பலவற்றைக் கட்டிக்கொண்டு வரும், ஓட்டுநருக்கு முன்னால் நீண்ட தூரம் எதுவும் தெரியாது.

பிராட்டிஸ்லாவாவுக்குக் கீழே ஸ்லோவாகியாவில் வரும் காப்சிகோவோ கால்வாயைத் தவிர்த்துவிடுங்கள். அகலமான தேங்கிய நீர், கரையேற முடியாத சரிவுச் சுவர். ஹங்கேரிப் பக்கம் மோசோனி டான்யூப் என்ற கிளை ஆறு வளைந்து வளைந்து ட்யோர் ஊருக்குப் போகிறது. தூரம் அதிகம்தான், ஆனால் காற்றுப் படகுக்காரருக்கு அது சொர்க்கம்.

பாசௌவில் இன் ஆறு வந்து சேரும்போது ஆல்ப்ஸ் மலையின் பனியுருகு நீர் வந்து சேர்கிறது. மே, ஜூனில் ஆறு பெருகி ஓடும். உல்மில் ஜூன் பிற்பகுதியில் இறங்குவது எல்லா வகைப் படகுக்கும் நல்லது. தனியாகப் போகத் தயங்குபவருக்கு, 1956 முதல் நடந்துவரும் பன்னாட்டு டான்யூப் துடுப்புப் பயணம் ஒன்று உண்டு. இங்கோல்ஸ்டாட்டில் தொடங்கும். எல்லைப் பதிவும் தங்குமிடமும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், ஆனால் வேகம் அவர்கள் வகுத்ததே. அதில் சேர்வதானால் காற்றுப் படகைவிட மடிப்புப் படகு பொருத்தம். காற்றுப் படகுக்காரர் தினமும் கடைசியில் வந்துசேருவார்.

வீட்டில் வைப்பதும் பழகுவதும்

மலைவீட்டில் படகுக்கு முதல் எதிரி பூசணம், அடுத்தது எலி. பயணம் முடிந்து செப்டம்பரில் வந்து இறங்கும்போது கொடைக்கானலில் வடகிழக்குப் பருவமழை தொடங்கப்போகிறது. பருத்தி மேலுறையை அங்கே காயவைக்கவே முடியாது. மலை ஏறும் முன் கோயம்புத்தூரிலோ வத்தலக்குண்டிலோ ஒரு நாள் தங்கி, மொட்டை மாடியில் விரித்து, மடிப்புகளுக்குள்ளும் காய்ந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள். பிறகு இறுக்கிக் கட்டாமல், விறகடுப்புள்ள வீடாக இருந்தால் அதற்கு மேலே உள்ள பரணில், இல்லாவிட்டால் உட்சுவர் ஓரமாகத் தொங்கவிடுங்கள். சாப்பாட்டுப் பையின் வாசனை ஒட்டியிருந்தால் எலி துணியைக் கடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே உள்ளே வைக்க வேண்டும். ரப்பர் கயாக்குக்கு இந்தத் தொல்லை பாதிதான்: துடைத்தால் காய்ந்துவிடும், வால்வைத் திறந்து வைத்தால் போதும்.

பயிற்சிக்கு ஊட்டி, பைக்காரா, கொடைக்கானல் ஏரிகளில் சொந்தப் படகை இறக்க முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி நீர்த்தேக்கங்கள் மின்வாரியத்துடையவை, சுற்றிலும் வனத்துறையின் காடு. அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். அடிவாரத்தில் அமராவதி அணையிலும் மாயாறு சேரும் பவானிசாகரிலும் முதலைகள் உண்டு. ரப்பர் படகோ வேறெதுவோ, அங்கே பழக வேண்டாம். கொடைக்கானல் ஏரியைக் கரையோரமாகச் சுற்றினால் ஏறத்தாழ 5 கி.மீ. ஆறு சுற்று, முழுச் சுமையோடு, தொடர்ந்து மூன்று நாள் போட்டுப் பார்த்தால் உங்கள் முதுகும் மணிக்கட்டும் எந்தப் படகின் இருக்கைக்கு ஒத்துவருகின்றன என்று தெரிந்துவிடும்.

யாருக்கு எது

முழு ஆற்றையும் ஒரே முறை போகப்போகிறவர், அதன்பின் ஆண்டுக்கு ஓரிரு சிறு பயணம் மட்டும் என்றால் காற்றடைக்கும் கயாக். எங்கள் முதல் தேர்வு இதுவே. இரும்பு வாயிலில் கூடுதலாக மூன்று நாள் உழைக்க வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் அது உழைப்பை மிச்சப்படுத்தும். மரவேலையும் ஊசிநூலும் கைக்குப் பழகியவர், வீட்டில் காய்ந்த இடம் உள்ளவர், பல நதிகளை நினைத்திருப்பவர் மடிப்புக் கயாக் வாங்கட்டும். கெட்டிக் கயாக் பாசௌ முதல் புடாபெஸ்ட் வரை, வாடகைக்கு.

வாங்கும் முன் விமானச் சீட்டின் சாமான் விதியைப் படியுங்கள். ஒரு பை 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான நிறுவனங்கள் பணம் கட்டினாலும் ஏற்காது. நீள அகல உயரக் கூட்டு 158 செ.மீ. என்ற வரம்பை மடிப்புப் படகின் நீளக் குச்சிப் பை தாண்டிவிடும். விளையாட்டுச் சாமானாக முன்பதிவு செய்ய வேண்டும். கோவையிலிருந்து ஒரு சீட்டு, அங்கிருந்து வேறொரு சீட்டு என்று பிரித்து எடுத்தால் இரண்டில் குறைந்த வரம்பே உங்கள் வரம்பு. ஒரே சீட்டாக எடுங்கள். கிளம்பும்போது விமான நிலையச் சுங்க அலுவலகத்தில் படகைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது வரி கேட்க இடமில்லை. அடுப்புக்கான கேஸ் டப்பா எந்தப் பையிலும் கூடாது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். தானாக உப்பும் லைஃப் ஜாக்கெட்டின் வாயுக் குப்பிக்கு நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். ரசப் பொடியும் பருப்புப் பொடியும் தாராளமாகப் போகலாம். நெய்யும் பால் பொடியும் ஐரோப்பியச் சுங்கத்தில் பறிபோகும்.

பணம் கட்டும் முன் கடைசியாக ஒரு சோதனை. நீங்கள் நினைத்திருக்கும் படகின் எடைக்கு அரிசியும் மணலும் ஒரு பையில் கட்டுங்கள். கூடாரமும் துணியும் இன்னொரு பையில், 13 கிலோ. இரண்டையும் முதுகிலும் கையிலுமாக எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம்வரை இறங்கி, திரும்பி மேட்டில் ஏறுங்கள். இரண்டு தடவைக்கு மேல் இறக்கி வைக்க நேர்ந்தால், பட்டியலில் அதைவிட எடை குறைந்த படகுக்குப் போங்கள்.